புழுங்கல் அரிசியும் பி1 வைட்டமினும்

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் எந்த மளிகைக் கடைக்குள் நுழைந்தாலும் அரிசி மூட்டைகள் இரண்டு கூட்டமாக அடுக்கியிருக்கும். ஒரு பக்கம் பச்சரிசி, பாஸ்மதி, தாய்லாந்து ஜாஸ்மின். இன்னொரு பக்கம் பொன்னிப் புழுங்கல், இட்லி அரிசி. நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்குப் புழுங்கல் சோற்றின் வாடையே பிடிப்பதில்லை. பள்ளியிலும் உணவங்காடி நிலையத்திலும் வெள்ளை வெளேரென்ற சோற்றையே சாப்பிட்டுப் பழகியவர்கள். பெரியவர்களோ புழுங்கல் சோறு இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்பார்கள். இன்றைக்கு இது வெறும் ருசிச் சண்டை. சுமார் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னால் இதே வட்டாரத்தில், ஒருவர் சொந்தக் காலில் நடப்பாரா, கால் மரத்துப் படுக்கையில் விழுவாரா என்பது அவர் எந்த அரிசியைச் சாப்பிட்டார் என்பதைப் பொறுத்திருந்தது.

அந்த வித்தியாசத்துக்குப் பின்னால் இருந்த பொருளின் பெயர் தயமின். பி1 வைட்டமின் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். பி வைட்டமின் என்றாலே இப்போது பி12 பற்றித்தான் பேச்சு; சைவம் சாப்பிடுபவர்களுக்கும் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை போடுபவர்களுக்கும் அதில் கவலை இருப்பது நியாயமே. ஆனால் பி வரிசையில் முதலில் பிடிபட்டது பி1. அது பிடிபட்ட கதையில் மலாயாத் தமிழர்களுக்கும் ஓர் இடம் உண்டு.

தமிழர்களுக்கு ஏன் வரவில்லை?

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நீராவியால் ஓடும் அரிசி ஆலைகள் சயாமிலும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவிலும் பெருகின. உலக்கையால் குத்தும்போது தவிடு ஓரளவு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆலையோ தவிட்டை முழுக்கச் சீவி, அரிசியைப் பளபளவென்று தீட்டிக் கொடுத்தது. மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களுக்கு மூன்று வேளையும் பெரும்பாலும் அந்தச் சோறுதான். அவர்களைத்தான் பெரிபெரி என்ற நோய் வாரிக்கொண்டு போனது. கால் மரக்கும், வீங்கும், மூச்சு வாங்கும், பிறகு இதயம் நின்றுவிடும். சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் இதே கதை. கிருமியா, ஈர மண்ணிலிருந்து கிளம்பும் நச்சுக் காற்றா என்று டாக்டர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

மலாயாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் அரசாங்க மருத்துவராக இருந்த வில்லியம் லியனார்ட் பிராடன் ஒன்றைக் கவனித்தார். அதே ஊர், அதே வெயில், அதே மழை. ஆனால் தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பெரிபெரி அபூர்வம். சொந்த நெல்லை அவ்வப்போது குத்திச் சாப்பிட்ட மலாய்க் கிராமத்தாருக்கும் அபூர்வம். தமிழர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. 1907இல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். காரணத்தில் மட்டும் சறுக்கிவிட்டார்: கிடங்கில் கிடந்து பழசான வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் உண்டாகிறது என்று நினைத்தார். எது குற்றவாளி என்று சரியாகக் காட்டியவர், குற்றம் என்ன என்பதைத் தப்பாகச் சொன்னார். இருக்கும் ஒன்று கேடு செய்கிறது என்று யோசிப்பது சுலபம். இல்லாத ஒன்றும் கேடு செய்யும் என்பது அந்தக் காலத்து மருத்துவத்துக்குப் புதுசு.

இதைச் சோதித்துப் பார்த்த இடம் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனை. 1905 டிசம்பரில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்து எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்கக் கட்டடத்துக்கு. அவர்களுக்கு வழக்கமான சயாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்குப் பக்கத்துக்கு; அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற சாப்பாடெல்லாம் ஒன்றேதான். மாதங்கள் போகப் போகக் கிழக்கில் ஒருவர் பின் ஒருவராகப் பெரிபெரியில் விழுந்தார்கள். பலர் இறந்தும் போனார்கள். மேற்கில் ஏறக்குறைய ஒருவருக்கும் இல்லை. கட்டடத்தில்தான் கோளாறோ என்று இரண்டு கூட்டத்தையும் இடம் மாற்றியும் பார்த்தார். நோய் கட்டடத்தோடு தங்கவில்லை, அரிசியோடு போனது. சம்மதம் கேட்காமல், அதுவும் மனநோயாளிகளிடம் இப்படிச் செய்ய இன்று எந்த நெறிமுறைக் குழுவும் விடாது, விடவும் கூடாது. ஆனாலும் மருத்துவ ஆய்வு வரலாற்றில் இரண்டு குழுக்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆரம்பகாலச் சோதனைகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள்.

பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும், நெகிரி செம்பிலான் காட்டில் வேலை செய்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதைத் திரும்பச் செய்தார்கள். 1909இல் முடிவு வெளிவந்தது. அரிசியில் விஷம் இல்லை, தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒன்று போய்விடுகிறது என்பது உறுதியானது. அதே ஜாவாவில், படேவியாவில் (இன்றைய ஜக்கார்த்தா) கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதையும், தீட்டாத அரிசி போட்டால் எழுந்து நடப்பதையும் முன்பே பார்த்திருந்தார். அதற்காக 1929இல் நோபெல் பரிசும் கிடைத்தது. தவிட்டிலிருந்த அந்தச் சத்தை 1926இல் யான்சன், டொனாத் என்ற இருவர் அதே படேவியாவில் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 1936இல் அதன் வேதி அமைப்பைக் கண்டுபிடித்து ஆய்வகத்தில் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ், அமெரிக்கர். அவர் பிறந்தது எங்கே தெரியுமா? அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். பெற்றோர் மிஷனரிகள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "பார்த்தீர்களா, நம் முன்னோர்களுக்கு அன்றே வைட்டமின் தெரிந்திருக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி கிளம்புவதற்கு இது தோதான கதை. தெரிந்திருக்கவில்லை. நெல்லை அவித்தால் அரிசி குத்தும்போது உடையாது, பூச்சி சீக்கிரம் பிடிக்காது, நாள்பட இருக்கும். அதற்காகத்தான் அவித்தார்கள். வைட்டமின் கூடவே கிடைத்தது.

எப்படிக் கிடைத்தது என்பதில் ஒரு நேர்த்தி இருக்கிறது. தயமின் பெரும்பாலும் நெல்லின் தவிட்டுப் பகுதியிலும் முளை இருக்கும் நுனியிலும்தான் இருக்கிறது. நடுவில் இருப்பது மாவுச்சத்து. நெல்லை உமியோடு ஊறவைக்கும்போது தண்ணீர் உள்ளே போகிறது. தயமின் தண்ணீரில் கரையும் பொருள், ஆகவே தண்ணீரோடு சேர்ந்து அதுவும் உள்ளே நகர்கிறது. அவிக்கும்போது மாவுச்சத்து வெந்து கூழாகி, காய்ந்ததும் இறுகி, உள்ளே வந்ததைப் பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு மேல் தவிட்டை எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். தீட்டாத சிவப்பு அல்லது பழுப்பு அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 0.4 மி.கி. தயமின் உண்டு. தீட்டிய பச்சரிசியில் 0.1 மி.கி.கூடத் தேறாது. தீட்டிய புழுங்கலில் பச்சரிசியைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும்.

ஒரு மில்லிகிராம் என்ன செய்கிறது?

நமக்குத் தேவைப்படும் அளவு மிகச் சின்னது. வளர்ந்த ஆணுக்கு நாளைக்கு 1.2 மி.கி., பெண்ணுக்கு 1.1 மி.கி., கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 1.4 மி.கி. இந்தத் துளி இல்லாவிட்டால் எதற்காக ஒரு ஆளே சாய வேண்டும்?

நாம் சாப்பிடும் சோறு, ரொட்டி, பராட்டா எல்லாம் வயிற்றில் சர்க்கரையாக, அதாவது குளுக்கோஸாக மாறுகிறது. ஒவ்வொரு செல்லும் அந்தக் குளுக்கோஸை எடுத்து இரண்டு கட்டமாக எரிக்கிறது. முதல் கட்டத்தில் ஒரு குளுக்கோஸ் இரண்டு பைருவேட் துண்டுகளாக உடைகிறது. இதில் கிடைக்கும் சக்தி சொற்பம், இரண்டே இரண்டு ஏடிபி. (செல்லுக்குள் செலவாகும் சக்தியை ஏடிபி என்ற கணக்கில்தான் சொல்வார்கள்.) அந்தப் பைருவேட் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்புக்குள் போய் முழுசாக எரிந்தால் மொத்தம் ஏறக்குறைய 30 ஏடிபி கிடைக்கும். ஆக, உண்மையான வரும்படி உள்ளேதான்.

உள்ளே போக ஒரு நொதி (என்சைம்) அனுமதிக்க வேண்டும். அந்த நொதி தனியாக வேலை செய்யாது. பக்கத்தில் தயமின் இருக்க வேண்டும். தயமின் இல்லாத செல்லை, வெள்ளிக்கிழமை சாயந்தரம் அதிகாரிகள் வராத, மலேசிய எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிகள் வந்துகொண்டே இருக்கும், ஒன்றும் தாண்டாது. பின்னால் வரிசை நீளும், பொறுமையில்லாதவர்கள் பக்கத்துச் சாலைகளில் திரும்பி அங்கேயும் நெரிசல் ஆகும். செல்லில் அந்தப் பக்கத்துச் சாலை லாக்டிக் அமிலம். தேங்கிய பைருவேட் அப்படி மாறி இரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. உள்ளே செல் பட்டினி கிடக்கிறது. உள்ளே நடக்கும் எரிப்பில் இன்னொரு படியிலும், சில அமினோ அமிலங்களை உடைக்கும் இடத்திலும் இதே தயமின் தேவைப்படுகிறது. ஆக ஒரு இடத்தில் மட்டும் முடங்குவதில்லை.

இதிலிருந்து வரும் ஒரு விஷயத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். மாவுச்சத்து கூடக் கூட, அதை எரிக்கத் தேவைப்படும் தயமினும் கூடும். வெள்ளைச் சோற்றை மட்டுமே தின்ற சுரங்கத் தொழிலாளி பட்டினியால் சாகவில்லை. வயிறு நிறையத்தான் சாப்பிட்டார். எரிக்க வேண்டியது மலையாக வந்தது, எரிக்க உதவுவது வரவில்லை. அதனால்தான் பெரிபெரி பல சமயம் நன்றாக வேலை செய்யும் இளவயது ஆண்களைத் தாக்கியது; டாக்டர்கள் குழம்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, கையிருப்பு. பி12 வைட்டமினைக் கல்லீரல் வருடக்கணக்கில் சேர்த்து வைக்கும். தயமின் உடம்பு முழுக்கச் சேர்த்தாலே 25 முதல் 30 மி.கி. வரைதான் இருக்கும். மிச்சமானது சிறுநீரில் போய்விடும். வரவு நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் கையிருப்பு கரைந்துவிடும். பி வரிசையில் இவ்வளவு சீக்கிரம் காலியாவது இதுதான்.

எங்கே முதலில் அடி விழும்?

அதிகச் சக்தி கேட்கும் உறுப்புகளில்தான். மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம். சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அது வாங்கிக்கொள்ளும். இதயத்துக்கு ஓய்வே கிடையாது. நீண்ட நரம்புகளும் அப்படியே.

நரம்பில் ஆரம்பிப்பதை உலர் பெரிபெரி என்பார்கள். பாதத்தில் எரிச்சல், மரமரப்பு, கெண்டைக்காலில் வலி, பிறகு தசை இளைத்து முன்பாதத்தைத் தூக்க முடியாமல் போவது. அந்தக் கால டாக்டர்கள் ஒரு சின்னச் சோதனை வைத்திருந்தார்கள்: குந்தி உட்காரச் சொல்லிவிட்டு, கையை எங்கேயும் ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்வார்கள். பெரிபெரி ஆரம்பித்தவரால் எழ முடியாது. (மூட்டுவலிக்காரர்கள் இதை வீட்டில் செய்து பார்த்துப் பயப்பட வேண்டாம், இன்றைக்கு எழ முடியாமல் இருக்க ஆயிரம் காரணம் உண்டு.) இதயத்தில் ஆரம்பிப்பது ஈர பெரிபெரி: கால் வீக்கம், படபடப்பு, மூச்சிரைப்பு. இது சில நாட்களில் ஆளை முடித்துவிடும். சரியான நேரத்தில் தயமின் ஊசி போட்டாலோ, சில மணி நேரத்திலேயே இதயம் தேறத் தொடங்கும். மருத்துவத்தில் இப்படிச் சட்டென்று பலன் காட்டும் மருந்துகள் அதிகம் இல்லை.

பச்சைக் குழந்தைக்கும் வரும். தாய்க்குத் தயமின் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். குழந்தை இரண்டு மூன்று மாதத்தில் பால் குடிக்காமல், குரல் கம்மி, வாய் திறந்து அழுதும் சத்தம் வராமல் போகும். லாவோஸ், கம்போடியா பக்கம் பிள்ளை பெற்றவளுக்கு வெள்ளைச் சோறும் உப்பும் மட்டும் கொடுக்கும் கடும் பத்தியத்தால் இது நடந்திருக்கிறது. நம் பத்தியச் சாப்பாட்டில் பூண்டுக் குழம்பும் பருப்பும் கருவாடும் இருப்பதால் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் "அது சூடு, இது குளிர்ச்சி" என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் நம் பத்தியமும் அங்கேதான் போய் நிற்கும். பணக்கார நாடுகளும் தப்பவில்லை: 2003இல் இஸ்ரேலில் ஒரு சோயா குழந்தை உணவில் தயமின் விடுபட்டுப்போனது. அதையே குடித்த குழந்தைகளில் சிலர் இறந்தார்கள், சிலருக்கு மூளை பாதிப்பு நிலைத்துவிட்டது.

மூளையைத் தாக்கும் வகைக்கு வெர்னிக்கே நோய் என்று பெயர். கண் விழி ஒரு பக்கமாக நகராது அல்லது துடிக்கும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். கவனிக்காமல் விட்டால் கோர்சகோஃப் என்ற அடுத்த நிலை: பழைய கதையெல்லாம் ஞாபகம் இருக்கும், காலையில் யார் வந்தார்கள் என்பது தங்காது. அந்த இடைவெளியை நோயாளி தன்னையறியாமல் கற்பனையால் நிரப்பிச் சொல்வார். பொய் சொல்கிறார் என்று குடும்பம் கோபப்படும்.

இந்த வெர்னிக்கே நோய் குடிகாரர்களுக்கு மட்டும் வருவது என்ற எண்ணம் வெகுநாள் இருந்தது. அதை அசைத்த சான்று கிடைத்தது சிங்கப்பூரில். 1942 பிப்ரவரி 15இல் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. கைதான ஆயிரக்கணக்கான வீரர்களின் சாப்பாடு ஒரே நாளில் ரொட்டி, இறைச்சியிலிருந்து வெள்ளைச் சோற்றுக்கு மாறியது. ஏறக்குறைய ஆறு வாரத்துக்குள் பெரிபெரி தலைகாட்டியது. கைதிகளில் ஒருவராக இருந்த டாக்டர் ஹியூ டி வார்டனர், வாந்தியும் கண் துடிப்பும் மறதியுமாக வந்தவர்களைப் பார்த்து இது வெர்னிக்கே என்று கண்டார். குடிக்க ஒரு சொட்டு மது இல்லாத ஆட்கள். கையிலிருந்த கொஞ்சநஞ்சத் தயமின் ஊசி கிடைத்தவர்கள் தேறினார்கள். அவரும் பெர்னார்ட் லெனாக்ஸும் சேர்ந்து 52 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரை 1947இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. சிறைக்கு வெளியே இருந்த மக்களுக்கும் நல்ல காலமில்லை. ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்ததைப் பாட்டி தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மரவள்ளியிலும் மாவுச்சத்து ஏராளம், தயமின் மிகக் குறைவு. அந்த ஆண்டுகளில் பெரிபெரி ஊருக்குள்ளும் பரவலாக இருந்தது.

இன்று நம் தட்டில்

சரி, இன்றைக்குச் சிங்கப்பூரில் ஜாஸ்மின் அரிசிச் சோறு சாப்பிடுபவர்கள் எல்லாரும் பயப்பட வேண்டுமா? வேண்டாம். அன்றைய சுரங்கத் தொழிலாளிக்குச் சோற்றைத் தவிர வேறு அதிகம் கிடைக்கவில்லை. நமக்குத் தொட்டுக்கொள்ள ஏதாவது உண்டு. இறைச்சி வகையில் பன்றி இறைச்சியில்தான் தயமின் அதிகம். அதைத் தொடாதவர்களுக்குப் பருப்பும் பயறும் கடலையும் கைகொடுக்கும். துவரம் பருப்பு, பாசிப்பயறு, வேர்க்கடலை, எள் எல்லாமே நல்ல மூலங்கள். தோசையில் உளுந்து, பராட்டாவோடு வரும் பருப்புக் குழம்பு, கச்சாங் பூத்தே பொட்டலத்தில் கொண்டைக்கடலை என்று தெரியாமலே சேர்ந்துவிடுகிறது. டுரியான் பிரியர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 100 கிராம் டுரியானில் சுமார் 0.37 மி.கி. தயமின் இருக்கிறது, பழங்களில் இது தாராளம். சர்க்கரை நோயாளிகள் இந்த வரியைப் படிக்காததுபோல் கடந்துவிடவும்.

சமையலில் தயமினைத் தொலைப்பதும் சுலபம். அரிசியைத் தண்ணீர் தெளிவாகும்வரை நாலைந்து தரம் தேய்த்துக் கழுவினால் ஒரு நல்ல பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டினால் இன்னும் போகும். முன்பெல்லாம் வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துவிடுவார்கள். இப்போது அது நேராகத் தொட்டிக்குள். ரைஸ் குக்கரில் வைத்தால் தண்ணீர் முழுக்க அரிசிக்குள்ளேயே வற்றுவதால் இந்தச் சேதம் இல்லை. கொண்டைக்கடலை சீக்கிரம் வேக ஆப்பசோடா போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சோடாவின் காரத்தில், கொதிக்கும் சூட்டில் தயமின் அழியும். முதல்நாள் ராத்திரியே ஊறவைத்தால் சோடா தேவைப்படாது.

சில பொருள்கள் உள்ளே போன தயமினையும் வேலை செய்யவிடாது. பச்சை மீன் சிலவற்றில் தயமினை உடைக்கும் நொதி இருக்கிறது. சமைத்தால் அது செத்துவிடும். தேநீரிலும் பாக்கிலும் உள்ள துவர்ப்புப் பொருள்களும் தயமினை மாற்றிவிடும். நாளைக்கு இரண்டு தேத்தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடிப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் சரியாகச் சாப்பிடாமல் தேநீரும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டிவிட்டு, நடுவில் வெற்றிலை பாக்கும் போடும் வயதானவர் என்றால் கணக்கு வேறு. பூண்டு இதற்கு நேர்மாறு. பூண்டில் உள்ள அல்லிசின் தயமினோடு சேர்ந்து உடம்பில் எளிதாக உறிஞ்சப்படும் ஒரு பொருளாகிறது என்று 1950களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அதை வைத்து மாத்திரையே செய்தார்கள்.

யார் கவனிக்க வேண்டும்?

அதிகமாகக் குடிப்பவர்கள் முதலில். மது, குடலில் தயமின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், கல்லீரல் சேமிப்பைக் கெடுக்கும். போதாததற்குச் சாப்பாட்டின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். வார இறுதியில் நண்பர்களோடு ஒரு பீர் குடிப்பவரைச் சொல்லவில்லை. சாப்பாட்டைவிட்டுக் குடியில் நாளைக் கழிப்பவரைச் சொல்கிறேன். அப்படிப்பட்டவர் தள்ளாடினால் "போதை" என்று வீட்டார் விட்டுவிடுவது வழக்கம். குடிக்காத நேரத்திலும் தள்ளாட்டமும் குழப்பமும் இருந்தால் அது போதை இல்லை, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய விஷயம்.

அடுத்து, தொடர்ந்து வாந்தி எடுப்பவர்கள். கர்ப்ப காலத்தில் எதுவுமே வயிற்றில் தங்காத அளவுக்கு வாந்தி இருந்தால் சில வாரங்களில் கையிருப்பு தீர்ந்துவிடும். "மசக்கைதானே, எல்லாருக்கும் வருவதுதான்" என்று மாமியார் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. எடை குறைக்க இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. இதயக் கோளாறுக்காக நீர் மாத்திரை நாள்கணக்காக எடுப்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆகியோருக்குச் சிறுநீரிலோ டயாலிசிஸ் நீரிலோ தயமின் கூடுதலாக வெளியேறுகிறது.

நம் ஆட்களிடம் இன்னொரு பழக்கம்: கொஞ்சம் அசதி என்றாலே "டாக்டர், ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க". சாதாரணமாகச் சாப்பிடுபவருக்கு அதனால் பெரிய கேடில்லை, பெரிய பலனும் இல்லை. ஆனால் வாரக்கணக்கில் சாப்பிடாமல் கிடந்தவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருக்கும் துளித் தயமினும் அந்தச் சர்க்கரையை எரிப்பதில் தீர்ந்து வெர்னிக்கே நோயே வெடிக்கலாம். அதனால்தான் இப்படிப்பட்ட நோயாளிக்கு மருத்துவமனையில் தயமின் ஊசியை முதலிலோ கூடவேயோ போடுவார்கள். நீங்கள் கூட்டிக்கொண்டு போனவர் பல நாளாகச் சாப்பிடவில்லை, அல்லது குடிப்பழக்கம் உள்ளவர் என்றால், வெட்கப்படாமல் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இரத்தத்தில் தயமின் அளவைப் பார்க்கச் சோதனை உண்டு. ஆனால் சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவுக்காகக் காத்திருக்காமலே ஊசியைப் போட்டுவிடுவார்கள்.

கடைசியாக மாத்திரை. கால் மரமரத்தால் பலர் தாங்களாகவே மருந்துக் கடையில் வாங்குவது பி1, பி6, பி12 மூன்றும் சேர்ந்த நரம்பு மாத்திரை. சிங்கப்பூரில் கால் மரப்புக்கு நீரிழிவு ஒரு முக்கியக் காரணம். சர்க்கரை அளவைப் பார்க்காமல் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தால் அசல் நோய் பின்னாலேயே வளரும். வாய்வழியாக எடுக்கும் பி1 கூடினால் சிறுநீரில் போய்விடும், அதனால் பெரிய தொந்தரவு இல்லை. தொந்தரவு பக்கத்திலிருக்கும் பி6இல். அது நாள்பட அதிகமாகப் போனால் அதுவே நரம்பைக் கெடுத்து மரமரப்பைக் கொண்டுவரும். அமெரிக்காவில் இதற்கு வைத்திருக்கும் உச்சவரம்பு நாளைக்கு 100 மி.கி.; ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் அதை 12 மி.கி. என்று வைத்தது. சில நரம்பு மாத்திரைகளில் ஒன்றிலேயே 100, 200 மி.கி. இருக்கும். வீட்டில் யாராவது இதை மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள் என்றால் அட்டையைத் திருப்பி பி6 எவ்வளவு என்று பாருங்கள். அடுத்த தடவை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது அந்த அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.